மூன்றரை மாத்திரை

பா இரண்டு, ர் அரை, த் அரை, கடைசியில் நிற்கிற து குறுகித்தான் ஒலிக்கும் என்பதால் அதற்கும் அரை, ஆக மூன்றரை, எப்படிக் கூட்டினாலும் மூன்றரை மாத்திரைக்கு மேல் போகவில்லை… கண்ணை ஒரு முறை இமைக்கிற நேரத்தைத்தான் இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்கிறார்கள், அப்படியானால் 'பார்த்து' என்று சொல்லி முடிக்க மூன்றரை இமைப்பு, அதுகூட முழுச் சொல்லும் தேவைப்பட்டிருக்காது, பா என்று வாயைத் திறந்திருந்தாலே அவள் கால் பிரேக்குக்குப் போயிருக்கும்… காரின் முன் இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருக்கு இந்தக் கணக்கு புதிதில்லை, போன மழைக்காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, பல் தேய்க்கும்போது ஓடுகிறது, அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது வரிக்கும் வரிக்கும் நடுவில் ஓடுகிறது. அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்தே வயிறு வளர்த்தவர், புத்தகத்தில் எங்கே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிறவர், தெருவில் அவருக்குப் பெயரே 'பிழை சார்' தான், வாடகைக்கு வீடு என்று வாசலில் ஒரு அட்டை தொங்கவிடுவதானாலும் அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் தொங்கவிடுவார்கள்… அப்படிப்பட்டவர் ஒரு சொல்லை விட்டுவிட்டார், தெரியாமல் விட்டிருந்தால் மனசு ஆறும், தெரிந்தே விட்டார். வெளியே மனைவி காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், பின்சக்கரத்துக்கு அருகில் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள், பூனையோ பந்தோ ஏதாவது இருக்கிறதா என்று, இது புதுப் பழக்கம், முன்பெல்லாம் வாயில் ஹேர்ப்பின்னைக் கடித்துக்கொண்டே கதவைச் சாத்தி, கதவு சாத்துகிற சத்தமும் எஞ்சின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்படி கிளம்புகிறவள்.

உள்ளே ஏறி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி… கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார், இவள்தான் விடவில்லை, "இல்ல டாக்டர், எனக்கு ஏதோ இருக்கு, கண்ணு முன்னாடி ஒரு ஆள் வந்தது தெரியல எனக்கு" என்று கெஞ்சி, அந்த மனிதரும் தொல்லை தாங்காமல் பேருக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் அடுத்தவர் கையில் தேடித் தேடி நரம்பு பிடிக்கிற கண் அது, ஊசி குத்தினதே தெரியவில்லை என்று சனங்கள் வாழ்த்திவிட்டுப் போகிற கை, அவளுக்கா பார்வை இல்லை? பார்வை இருந்தவன் பக்கத்து இருக்கையில் இருந்தான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், நேற்றே தீர்மானித்தாகிவிட்டது, வழியில் ஏறப்போகிற நீச்சல் டீச்சரும் வண்டியில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை, நீச்சல்குளம் வருவதற்குள் சொல்லிவிட்டால் டீச்சர் இறங்கிப் போய்விடுவாள், அப்புறம் இவளும் அவருமாக, என்ன ஆகுமோ ஆகட்டும்… என்ன ஆகும்? இவள் சத்தம் போட்டால் பரவாயில்லை. சத்தம் போடாமல் இருந்தால்?

நாலு வீடு தள்ளி வாசலில் கைத்தடியோடு நீச்சல் டீச்சர் நின்றிருந்தாள், கழுத்தில் விசில், தோளில் துண்டு. இடுப்பெலும்பில் தகடு வைத்த பிறகு இன்றுதான் முதல் தடவையாக வேலைக்குப் போகிறாள், தண்ணீரில் இறங்கக்கூடாது, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று உத்தரவு, அதற்கே நேற்றிலிருந்து குதியாகக் குதிக்கிறாளாம், குதிக்க முடியாத இடுப்போடு. அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், அவள் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒரு காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த காலை… அந்தக் காலைப் பார்க்கக்கூடாது என்று தெருவின் கடைசியைப் பார்த்தார். "அக்கா, நீங்க வர்ற வேகத்துக்கு நான் தடிய ஊனிக்கிட்டே போயிருப்பேன்" என்றாள் டீச்சர். மனைவி சிரித்தாள், சிரித்துவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததை அவர் பார்த்தார். "பசங்க எவனாவது இந்தக் குச்சியப் பாத்து சிரிக்கட்டும், குச்சியாலயே தண்ணிக்குள்ள தள்ளிடறேன். என்ன பிழை சார், சத்தத்தையே காணோம்?" ஒன்றுமில்லை டீச்சர் என்றார். "நீங்க ரெண்டு பேரும் இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காதீங்க, நானும் அன்னிக்கு எதையோ நெனச்சுக்கிட்டு பாக்காம எறங்கிட்டேன், தப்பு எம்மேலயும்தான்." உடனே மனைவி, "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர், ஓட்டறவதான் பாக்கணும்" என்றாள். வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு நடக்கும், மருத்துவமனையில் நடந்தது, வீட்டில் நடந்தது, பார்க்காத இரண்டு பேரும் தப்பை எனக்கு உனக்கு என்று இழுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள், பார்த்த ஒரே ஆள் ஆரஞ்சுப் பழத்தை உரித்து இரண்டு பேருக்கும் சுளை கொடுத்துக்கொண்டிருப்பார்.

வண்டி நகர்ந்தது, இரண்டாவது கியரைத் தாண்டவில்லை, பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது, அடித்து, ஒடித்து, முறைத்துக்கொண்டே தாண்டிப் போனது, அடுத்த தெருவில் அதற்கு என்ன தலை போகிற வேலையோ… இவளும் அப்படித்தான் ஓட்டினாள், அப்படி என்றால் பறக்கவில்லை, பெரிய சாலையில் எல்லாம் ஒழுங்காகவே போவாள், சொந்தத் தெருவுக்குள்தான் கால் அழுத்தும், காலையில் சாப்பிடாமல் கொள்ளாமல் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து பத்துப் பேர் பெஞ்சில் காத்திருக்கிறார்கள், இவள்தான் போய்த் திறக்க வேண்டும், நம்ம தெருதானே, கண்ணை மூடிக்கொண்டே போகலாம்… எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம், பெருமையாக வேறு, பழகின தெருவில் கண்ணை மூடிக்கொண்டே போவேன் என்று. இதோ அந்தப் பழைய பலகை, பெயிண்ட் உரிந்து போய், 'மெதுவாக செல்லவும்'. நடுவில் ச் இல்லை. எத்தனை வருடம் அந்த ச் இல்லாததைப் பார்த்துப் பார்த்துப் பொருமியிருப்பார், நகராட்சிக்கு எழுதிப் போட்டார், நேரில் போனார், அங்கே இருந்தவர் "ச் போட்டா மெதுவா போவாங்களா சார்?" என்று கேட்டார், அந்த மனிதர் பேச்சு வாக்கில் கேட்ட கேள்வி, இப்போது நினைத்தால் சுருக்கென்கிறது, ஒற்று விட்டுப்போனதைத் தினமும் பார்த்தவர் ஒரு நாளாவது அந்தப் பலகை என்ன சொல்கிறது என்று பார்த்தாரா?

வண்டி ஓட்டவும் அவருக்கு வரவில்லை. கற்றுக்கொடுக்க வந்தவர் மூன்றாம் நாளே ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டார், "சார், நீங்க கடை போர்ட படிக்கறீங்க, ரோட்ட படிக்க மாட்டேங்கறீங்க." அதனால் இவள் ஓட்ட, அவர் பக்கத்தில், இருபது வருடமாக. ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் வாய் நீளம். பார்த்து, நாய். பார்த்து, சைக்கிள். பார்த்து, முன்னாடிக்காரன் பிரேக் போடறான். நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் உட்கார்ந்துகொண்டே பார்த்து என்று ஒரு முறை சொல்லியிருக்கிறார், எதைப் பார்க்கச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இவளோடு வேலை பார்க்கிற பெண்ணை வழியில் இறக்கிவிட்டார்கள், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "அக்கா, சார் வாய்க்கு ஒரு ஸ்டியரிங் வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள், அவரும் சிரித்தார், இவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் எறிந்தாள். "இனிமே வண்டில ஒக்காந்துக்கிட்டு பார்த்துன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்க, நடுரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். எனக்குக் கண்ணு இருக்கு." சரி என்றார். "செத்தாலும் சொல்லமாட்டேன், போதுமா?" நாக்கில் சனி என்பார்கள்… சும்மா சொன்னதுதான், கோபத்தில் யார் என்ன சொல்வதில்லை, ஆனால் அதையும் ஒரு பிழை விடாமல் சுத்தமாகக் கடைப்பிடித்தாரே.

மறுநாள் காலை பேசாமல் ஏறினார். பேசாமல் என்றால் சாதாரணமாகப் பேசாமல் இல்லை, பேசவில்லை என்பது அவளுக்குத் தெரியும்படி பேசாமல், மெய்ப்புத் தாள் இருந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவள்தான் வெடுக்கென்று பிடுங்கிப் பின்சீட்டில் போட்டாள், அவர் உடம்பைச் சரித்து, தலையைக் கதவுக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார், சண்டைக்காரக் குழந்தை மாதிரி. அந்தச் சரிவுதான், அப்படிச் சரிந்து உட்காராமல் இருந்திருந்தால் அவர் கண்ணும் அவள் கண் இருந்த உயரத்தில் இருந்திருக்கும், இரண்டு பேரும் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள், அந்த வளைவில் யாரோ வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள், கட்டில் கால்களும் பீரோவும் ஏற்றிய உயரமான லாரி ஓரமாக நின்றது, அவளுக்கு அது ஒரு சுவர், அவருக்கு அதன் அடி தெரிந்தது, சக்கரங்களுக்கு அந்தப் பக்கம், முன்னால், இரண்டு கால்கள். நீல ரப்பர்ச் செருப்பு. ஈரமான பாதம், தெருவில் ஈரச் செருப்போடு நடக்கிறவள் ஒருத்திதான், அது யார் என்றுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது, குதிகால் தூக்கியிருந்தது, அடுத்த அடி தெருவுக்குள்தான். மூச்சை இழுத்தார். பா வந்து உதட்டில் உட்கார்ந்துவிட்டது. அங்கேதான், அந்த இடத்தில்தான்… அவளுடைய கட்டளைக்குப் பயந்து நிறுத்தினார் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும், யாரிடமும் சொல்லலாம், மனைவி சொல் தட்டாதவன் என்று சிரிப்பார்கள், ஆனால் அது இல்லை, உள்ளே ஒன்று சொன்னது, இப்ப தெரியட்டும். சடக்கென்று பிரேக் போடுவாள், டீச்சர் இரண்டு வார்த்தை திட்டுவாள், இவள் முகம் வெளுத்துப்போய்த் திரும்பிப் பார்ப்பாள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொல்லாமல் ஜெயிப்பேன். அதை நினைக்க எவ்வளவு நேரம் ஆனது, அதற்கு மாத்திரை போடத் தெரியவில்லை. அப்புறம் அந்தச் சத்தம்.

செருப்பு ஒன்று வண்டியின் பானெட்மேல் வந்து விழுந்தது. அதை இன்னும் கனவில் பார்க்கிறார், டீச்சரைப் பார்ப்பதில்லை, செருப்பைத்தான். விசாரிக்க வந்த காவலர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார், "நீங்க பக்கத்துல இருந்தீங்களே சார், நீங்க எதுவும் பார்த்தீங்களா?" வாய் தானாகத் திறந்தது, காலையிலிருந்து திறக்காத வாய். "நான் புரூஃப் பார்த்துக்கிட்டு இருந்தேன்." அவர் எழுதிக்கொண்டார். மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் தூக்கி அவரை ஒரு முறை பார்த்தாள், நெடு நேரம் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்துக்கொண்டாள், தாள் எல்லாம் பின்சீட்டில் பைக்குள் இருந்தது, போட்டவளே அவள்தான், அந்த அதிர்ச்சியில் மறந்திருப்பாள், அப்படித்தான் இருக்கும், யாருக்கு நினைவிருக்கும்… இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். வழக்கு, அபராதம் எல்லாம் வந்து போயிற்று, டீச்சரே முன்னால் நின்று இவளுக்காகப் பேசினாள். பிறகு தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், வேகத்தைத் திட்டாதவர் பாக்கியில்லை, மேசையைத் தட்டித் திட்டியவர் கூட்டம் முடிந்ததும் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு போனார், இருந்தாலும் வளைவில் ஒரு வட்டக் கண்ணாடி வைத்தார்கள், வேகத்தடை போட்டார்கள், புதுப் பலகை ஒன்றும் வைப்பது என்று முடிவாகி வாசகம் எழுத அவரிடமே வந்தார்கள், பிழை சார் எழுதினால் பிழை இருக்காது. எழுதிக் கொடுத்தார். 'இது நாம் வாழும் தெரு. மெதுவாகச் செல்லவும்.' ச் போட்டார். இத்தனை நடந்ததற்கு அவர் தரப்பிலிருந்து கொடுத்தது ஒரு ச்.

இப்போது அந்தப் பலகை வருகிறது, அதைத் தாண்டினால் வேகத்தடை, பிறகு வளைவு. சொல்லு. பின்னால் டீச்சர் யாருக்கோ பாடம் எடுக்கிற மாதிரி பேசிக்கொண்டே வந்தாள், புதுசாக வருகிற பிள்ளைகள் எல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்களாம், பயத்தில் அடக்கிக்கொண்டே இருப்பார்களாம், "விடுறா, விட்டாத்தான்டா அடுத்தது வரும்னு கத்தணும்க்கா, தொண்டை போயிடும்." மனைவி ம் ம் என்றாள். சொல்லு, இதைவிட நல்ல இடம் கிடைக்காது, டீச்சர் ஒரு நிமிஷம் என்று ஆரம்பி, அன்னிக்கு நான் பார்த்தேன் டீச்சர்… அதற்குப் பிறகு என்ன வாக்கியம்? பார்த்தேன், ஆனால்? ஆனால் போட்டால் அது சமாதானம். பார்த்தேன், சொல்லவில்லை. அவ்வளவுதான், திருத்த ஒன்றும் இல்லாத வாக்கியம். வண்டி வேகத்தடையில் ஏறி மெல்ல இறங்கியது, டீச்சர் ஸ்ஸ் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், "சாரி டீச்சர்" என்றாள் மனைவி, "அட, எனக்குன்னு போட்ட தடைதானே, நானே பொறுத்துக்கறேன்" என்றாள் டீச்சர்.

வளைவில் லாரி நின்ற அதே ஓரத்தில் ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று நின்றிருந்தது. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் கழுத்து தானாகச் சாய்ந்தது, வேனுக்கு அடியில், முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு கால்கள். கருப்பு ஷூ. மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது, வாய் திறக்கவில்லை, இப்போதுமா, இத்தனைக்குப் பிறகுமா, எந்தக் கட்டளை, எந்த ரோஷம், ஒன்றும் இல்லையே, வெறும் பழக்கமா… அதற்குள் வண்டி நின்றிருந்தது. அவள் நிறுத்தியிருந்தாள், அந்தக் கால்கள் அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, முன்னால் யாரும் வரவில்லை, வட்டக் கண்ணாடியை வேன் மறைத்திருந்தது. ஷூக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், ரொட்டிக்காரர், நின்றிருக்கும் காரைப் பார்த்து ஆச்சரியமாகக் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுக் குறுக்கே கடந்து எதிர்க்கடைக்குள் போனார்.

"ஏன்க்கா நின்னுட்டோம்?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர்." மனைவி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டே, பின்சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள், "மூச்ச மட்டும் இழுத்துட்டு நிறுத்தாதீங்க. இந்தத் தடவையாவது வாயத் தொறந்து சொல்லிடுங்க."

இந்தத் தடவை. அவர் தொழிலே அதுதானே, எந்தச் சொல் எந்த இடத்தில் ஏன் நிற்கிறது என்று பார்ப்பது… இந்த என்று ஒன்று இருந்தால் அந்த என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தடவையும் கேட்டிருக்கிறது. லாரிக்கு முன்னால் அவர் இழுத்த மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கிறது, இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு இழுத்தால் அடுத்து வருவது என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும், கேட்டும் நிறுத்தவில்லையா, இல்லை, சொல்லட்டும் பார்க்கலாம் என்று அவளும் காத்திருந்தாளா, அந்த ஒரு கணம் அவளும் ஜெயிக்கப் பார்த்தாளா… பெஞ்சில் அத்தனை நேரம் பார்த்தாளே. காவலரிடம் அவளும்தான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய்க் கண்ணைப் பார்க்கச் சொன்னவள் காதைப் பார்க்கச் சொல்லவில்லை. பின்னால் டீச்சர் விசிலை உதட்டில் வைத்து ஊதாமல் கடித்துக்கொண்டிருந்தாள். வேனுக்கு அப்பால் தெரு வெறிச்சென்று கிடந்தது, யாருமில்லை, நன்றாகத் திரும்பி இரண்டு பக்கமும் பார்த்தார், யாருமில்லை.

"பார்த்து" என்றார். இத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சொல், மூன்றரைக்கு மேலேயே ஒலித்தது. "பார்த்துப் போம்மா. யாரும் இல்ல."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. பிரேக்கிலிருந்து காலையும் எடுக்கவில்லை. இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்பது போல, சாலையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.